கடலடியில் திணை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'நெய்தல் நிலமும் நம் கவிதையும்' என்பது. அதனைச் சற்றே மாற்றிக்கொள்ளச் செயலாளரிடம் இசைவு பெற்றுள்ளேன். நெய்தலைப் பற்றி முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்தவள் நான். ஐந்தாண்டுகள் தாழை, புன்னை, ஞாழல், அன்றில், கழி, கானல் என்று எண்ணி எண்ணி அட்டவணை இட்டிருக்கிறேன். ஆயினும் அந்த ஆய்வேட்டின் நானூறு பக்கங்களில் ஒரு பக்கத்திலேனும் கடலின் தரை இல்லை. கரை இருக்கிறது, அலை இருக்கிறது, அலைமேல் திமில் இருக்கிறது. அதற்குக் கீழே நான் போகவில்லை. அந்தக் குறையைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில், சொற்பொருள் தேர்வு ஒன்று வைத்தேன். 'பார்' என்னும் சொல்லுக்குப் பெயர்ச்சொல்லாகப் பொருள் தருக என்பது ஒரு வினா. உலகம், நிலம் என்று எல்லாரும் எழுதினர். மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர் மட்டும், 'கடலுக்குள் இருக்கும் கல்தரை. மீன் தங்கும் இடம்' என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டேன். விடைத்தாளை வாங்கிக்கொண்டு அவர் என் மேசையருகே வந்து நின்றார். "எங்க ஊர்ல அதத்தாம்மா பார்னு சொல்லுவோம்" என்றார். ஊர்வழக்கு வேறு, நூல்வழக்கு வேறு என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. முத்துக்குளித்துறையைப் பற்றிய எந்த நூலைப் பிரித்தாலும் முதற்பக்கத்திலேயே 'முத்துப்பார்' என்னும் சொல் இருக்கும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

தொல்காப்பியர் நெய்தலைப் பெருமணற் பரப்பாகக் காண்கிறார். அவர் தொகுத்துரைக்கும் கருப்பொருள்களில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை உண்டு. மீனுக்கெனத் தனி இடம் இல்லை. உணவில் அடக்கலாம், 'பிற'வில் அடக்கலாம் என்பர் உரைவழி நிற்போர். பள்ளிப் பாடநூல் அட்டவணைகளைப் பாருங்கள்: நெய்தலின் விலங்கு என்னும் கட்டத்தில் சுறாவும் முதலையும் இருக்கும். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. கரையில் காத்திருப்பவளின் இரங்கலைப் பாடுதற்கு வகுத்த நிலம் அது. அவள் கண்ணுக்குத் தெரிவது நீர்ப்பரப்புத்தான். ஆனால், திணை என்னும் எண்ணத்தின் உயிர்நாடி, நிலம் மாறினால் அந்நிலத்து உயிர்கள் மாறும், உயிர்கள் மாறினால் வாழ்வு மாறும் என்பதன்றோ? அவ்வெண்ணம் நீர்மட்டத்தோடு நின்றுவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

நிற்கவும் இல்லை. நூலில் நின்றிருக்கலாம், வள்ளத்தில் நிற்கவில்லை.

அந்த மாணவரின் ஊருக்கு நான் போன கதை பின்னர் வரும். முதலில் கடலடி நிலத்தைப் பற்றி, ஓர் இலக்கிய மாணவிக்கு விளங்கிய அளவில் சொல்லிவிடுகிறேன்.

கடலின் அடித்தரை எங்கும் ஒரே தன்மையது அன்று. நம் கரையை ஒட்டியே மணல், சேறு, பார், பவளப்பாறை, கடற்புல் மேடு என ஐந்து வகை நிலங்கள் உள்ளன. இவற்றை ஐந்திணையோடு ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டும் ஆசை யாருக்கும் எழும்; எனக்கும் எழுந்தது. அந்த விளையாட்டு வேண்டா. ஐந்து என்பது தற்செயல், இடையில் கலப்பு நிலங்கள் பல.

மணல் தரையில் ஒளிவதற்கு இடமில்லை. ஆகவே அங்கு வாழும் மீன் மணலாகவே மாறிக்கொள்கிறது. கிழங்கான் ஆபத்துக் கண்டால் மணலுக்குள் புதைகிறது. திருக்கை உடலைத் தட்டையாக்கிக்கொண்டு முதுகின்மேல் மணலை அள்ளிப் போர்த்துகிறது. நாக்குமீன் பிறக்கும்போது மற்ற மீன்களைப் போலத் தலைக்கு இருபுறமும் கண்கொண்டு பிறந்து, வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபுறத்துக் கண்ணோடு வந்து சேர, ஒரு பக்கமாகத் தரையில் படுத்துவிடுகிறது. மண்ணுக்கு ஏற்ப உடம்பே தன் இலக்கணத்தை மாற்றிக்கொள்ளும் இச்செய்தியை முதன்முதலாகப் படித்தபோது அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சேறு என்றால் நமக்கு இழிவு. 'சேற்றில் மலர்ந்த' என்று தொடங்காத பாராட்டுரை அருகியே கேட்கிறோம். கடலடிச் சேறு செழிப்பான நிலம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் புழுவும் சிப்பியும் சிற்றிறாலும் வளைதோண்டி வாழ, அவற்றை உண்ணக் காரலும் கத்தாழையும் நவரையும் கெளிறும் கூடுகின்றன. காரல் மீனை அறியாதார் இல்லை. கருவாட்டுக் கடையில் மலிவாகக் குவித்து வைத்திருப்பது. அதன் வாய் குழாய்போல் நீளும். தரையிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்களை உறிஞ்சி எடுப்பதற்கு. அதைவிட வியப்பு ஒன்று: அதன் உணவுக் குழலைச் சுற்றி ஒளி உறுப்பு ஒன்று இருக்கிறது. அதனுள் ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கலங்கிய நீரில், வெளிச்சம் குறைந்த தரையில், காரல் தன் விளக்கைத் தானே சுமந்து திரிகிறது. மின்மினிக்கு எத்தனை கவிதைகள் எழுதியிருக்கிறோம்! காரலுக்கு ஒன்றும் இல்லை.

கடலடி மணலிலும் சேற்றிலும் உளுவை இனத்து மீன்கள் சிலவற்றுக்கும், சொடுக்கும் ஒலி எழுப்பும் சிற்றிறால் ஒன்றுக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். இறால் வளை தோண்டும். அதற்குக் கண்பார்வை மங்கல். உளுவைக்குப் பார்வை உண்டு. வளை தோண்டத் தெரியாது. இரண்டும் ஒரே வளையில் குடியிருக்கும். இறால் மண்ணை வாரி வெளியே தள்ள வரும்போது தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் மேல் வைத்துக்கொண்டே வரும். பகைவரக் கண்டால் மீன் வாலை அசைக்கும். உடனே இரண்டும் உள்ளே. தோழி கூற்று, தலைவி கூற்று என்று துறை வகுக்கும் நமக்கு இது அயலான செய்தியா என்ன?

கடற்புல் மேடுகள் பாக் நீரிணைப் பகுதியிலும் மன்னார் வளைகுடாவிலும் மிகுதி. பாக் விரிகுடா ஆழமற்றது. பெரும்பகுதி 15 மீட்டருக்கு உட்பட்டது. ஆகவே வெயில் தரைவரை இறங்குகிறது, புல் வளர்கிறது. கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. இது வேரும் பூவும் உடைய நிலைத்திணை. நீருக்குள்ளேயே பூத்து நீருக்குள்ளேயே மகரந்தம் பரப்புவது. ஓரா மீன் இதில் மேய்கிறது. இறாலின் குஞ்சுகளும் பலவகை மீன்குஞ்சுகளும் இங்கே வளர்கின்றன. கடற்குதிரை வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆவுளியா என்று நம்மவர் அழைக்கும் கடற்பசுவுக்கு இதுவே மேய்ச்சல் நிலம். அதன் பொருட்டே 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது.

இனி, பார். மணலும் சிப்பித் தூளும் சுண்ணாம்புப் பாசியும் நாட்பட இறுகிக் கல்லான தரை. அதன்மேல் பஞ்சுயிரிகளும் விசிறிபோல் கிளைக்கும் பவள இனங்களும் வளரும். முத்துச்சிப்பி தன் நார்களால் அதனைப் பற்றிக்கொண்டு வாழும். கலவாய், செப்பிலி, விளமீன் முதலியவை அதன் இடுக்குகளில் ஒதுங்கும். கலவாய் இனங்களுள் பல, பெண்ணாய் முதிர்ந்து பின் ஆணாக மாறுவன. ஆகவே பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் அந்தப் பாரில் ஆண்கள் அற்றுப்போகும். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொலாயிரம் பார் பெயர்பெற்றது. இலங்கைக் கரையில் பெரிய பார், சேவல் பார் என்பன. கொற்கை முத்து என்று நாம் பெருமை பேசுவதெல்லாம் இத்தகைய கல்தரையின் விளைச்சல். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

இலங்கை முத்துப்பார்களை ஆராய 1902இல் வந்த ஹெர்ட்மன் என்னும் லிவர்பூல் பேராசிரியரின் செய்தி ஒன்று நினைவுகூரத் தக்கது. பெரிய பாரில் கோடிக்கணக்கில் இளஞ்சிப்பிகள் தோன்றுவதும் ஓராண்டுக்குள் அடியோடு மறைவதும் புதிராக இருந்தது. அந்தப் பார் ஆழ்கடலின் செங்குத்துச் சரிவை ஒட்டி இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் நீரோட்டம் அவற்றை வாரிக்கொண்டு போகிறது என்று அவர் கண்டார். சிப்பி உண்ணும் திருக்கைகளையும், கிளாத்தி போன்ற வலிய பல் மீன்களையும் அவர் கணக்கில் எடுத்தார். இம்மீன்களின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம்பருவமே சிப்பிக்குள் புகுந்து முத்துக்குக் கருவாகிறது என்பது அவரும் ஹார்னெலும் கொண்ட கொள்கை. பிற்கால அறிஞர்கள் அதனை அப்படியே ஏற்கவில்லை. எனினும் சிப்பியைத் தின்னும் மீனை விரட்டினால் முத்தும் குறைந்துபோகுமோ என்று ஒருவர் தயங்கி நின்ற அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பவளப்பாறையைப் பற்றி விரித்துரைக்க நேரமில்லை. அதன் அழகைத் தொலைக்காட்சியில் எல்லாரும் கண்டிருக்கிறீர்கள். ஒன்று மட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் வெட்டி எடுத்ததே அதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பின்னும் வெட்டு உடனே நிற்கவில்லை. எந்த ஊர்ச் சுவர்களில் அத்தீவுகள் பூசப்பட்டிருக்கின்றனவோ!

திணைமயக்கமும் கடலடியில் உண்டு. செப்பிலி இனங்களுள் பல, குஞ்சுப் பருவத்தில் கடற்புல்லிலும் அலையாத்திக் காட்டின் வேர்களிடையும் வாழ்ந்து, வளர்ந்தபின் பாருக்குப் போகின்றன. சில பகலெல்லாம் பாறையில் ஒதுங்கி இரவானதும் புல்மேட்டிற்கு மேயப் போகின்றன. ஆகவே, ஓரிடத்துப் புல்லை அழித்தால் எங்கோ உள்ள பாரில் மீன் குறையும். ஒரு நிலத்தைத் தனியே காப்பாற்ற இயலாது.

தரைக்கும் மீனுக்கும் உள்ள இவ்வுறவு மெய்யாகவே காரணகாரிய உறவுதானா, அல்லது நாம் பொருத்திப் பார்க்கும் உவமைதானா என்று ஐயுறலாம். இதனைக் கடலிலேயே சோதித்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கண்டத்திட்டில் நடந்தது அது. 1970களின் தொடக்கத்திலிருந்து தைவான் நாட்டு இணைப் படகுகள் அங்கே இழுவை மடி போட்டன. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரு மடியைத் தரையோடு இழுத்துப் போகும் முறை. சில ஆண்டுகளில் பிடிபடும் மீன்களின் இனமே மாறிற்று. விலைபோகும் விளமீனும் செப்பிலியும் குறைந்தன. சங்கராவும் தும்பிலியும் மிகுந்தன. (இப்பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும், எங்கள் பக்கத்து வழக்கைச் சொல்கிறேன்.) அதே காலத்தில் மடியில் ஏறிவந்த பஞ்சுயிரிகளின் அளவும் படிப்படியாகக் குறைந்தது.

காரணம் என்ன? விளமீனை மிகுதியாகப் பிடித்ததாலா? மீனினங்களுக்குள் போட்டியா? அன்றித் தரையே மாறிவிட்டதாலா? கீத் செயின்ஸ்பரி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் வாதத்தில் காலம் கழிக்காமல், 1980களின் நடுவில் அக்கடலைப் பகுதிகளாகப் பிரித்துச் சிலவற்றில் மடி இழுப்பதை நிறுத்தச் செய்தனர். ஒன்றில் தொடர விட்டனர். மடியின்மேல் ஒளிப்படக் கருவியும் பொருத்திப் பார்த்தனர். மடியின் அடிக்கயிறு பட்ட பஞ்சுயிரிகளுள் மிகப் பெரும்பாலானவை பெயர்ந்து போவதைக் கண்டனர். நிறுத்திய பகுதிகளில் விளமீனும் செப்பிலியும் கூடின. தரையில் சிறிய உயிர்கள் மீண்டும் முளைத்தன. தொடர்ந்த பகுதியில் இறக்கம் நிற்கவில்லை. தரை மாறியதே காரணம் என்னும் விடைக்கே சான்று மிகுந்தது. எனினும் பெரிய பஞ்சுயிரிகள் எதிர்பார்த்த விரைவில் மீளவில்லை. அவை பழைய அளவுக்கு வளரப் பத்தாண்டுகளுக்கு மேல் வேண்டும் என்பது தெரிந்தது.

விளமீனும் சங்கராவும் தும்பிலியும் நம் கடலிலும் உள்ள இனங்கள் என்பதால்தான் இதனை இவ்வளவு விரிவாகச் சொன்னேன். தும்பிலியின் அறிவியற்பெயரில் 'தும்பில்' என்றே ஒரு சொல் இருக்கிறது. பெர்லின் மருத்துவர் பிளாக் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன்நூல் எழுதியபோது, தரங்கம்பாடியிலிருந்த ஜான் என்னும் பாதிரியார் அவருக்கு மீன்களை அனுப்பிவைத்தார். நம் கரையின் பெயர்கள் சில அவ்வழியே அறிவியலுக்குள் ஏறின. பெர்லின் மருத்துவர் ஏற்றுக்கொண்ட பரதவர் சொல்லை, தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி சிவப்பு மையால் அடித்தாள்.

இனி அந்த ஊருக்குப் போன கதை. நாட்டுப்புறப் பாடல் தொகுக்கும் பணிக்காகச் சென்றிருந்தேன். ஊர்ப்பெயரைக் கேட்டதும் மாணவர் நினைவு வர, அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய தாத்தா திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பேரன் கடலுக்குப் போயிருக்கிறான், நாளை வருவான் என்றார். பேச்சு மீனைப் பற்றித் திரும்பியது. நான் ஏதோ ஆழம், தொலைவு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"எத்தன பாகம்னு கேக்குறீங்களே, தரை என்னன்னு கேக்கலியே டீச்சரம்மா? சேத்துல போயிக் கலவாயத் தேடுனாக் கெடைக்குமா?"

பின்பு எழுந்து வந்து, வாசல் மணலில் விரலால் வரைந்து காட்டினார். கரை இது, கோயில் கோபுரம் இது, பனை இரண்டு இங்கே. கோபுரமும் பனையும் நேர்க்கோட்டில் வந்தால் கீழே இன்ன பார். அதன் வடக்கே சேறு, காரல் மடை. தெற்கே வரிமணல், திருக்கை. ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவிக் கயிற்றில் இறக்கி, அதில் ஒட்டி வருவதைப் பார்த்துத் தரையை அறிவார்களாம். அதையும் நாவில் வைத்துப் பார்க்கும் வழக்கம் தம் தகப்பனாருக்கு உண்டு என்றார். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் சொன்னார். பெரும்பாலும் ஆட்பெயர்கள், முதன்முதல் கண்டவன் பெயர். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். இருபத்து மூன்று பெயர்கள். அவற்றுள் நான்கைச் சொல்லும்போது, "இது இப்ப இல்ல" என்றார். பார் எப்படி இல்லாமற்போகும் என்று கேட்டேன். "மடி இழுத்து இழுத்து மொட்டையாப் போச்சு. கல்லு கெடக்கும். பூண்டு பொசுக்கு ஒண்ணும் இருக்காது. அத எப்படிப் பாருன்னு சொல்றது?" என்றார்.

அவர் தந்த இலக்கணம் இது: கல் மட்டும் பார் ஆகாது, கல்லும் அதன்மேல் வளர்வதும் அங்கே ஒதுங்கும் மீனும் சேர்ந்தால்தான் பார். முதலும் கருவும் பிரியாத நிலை. நானூறு பக்கத்தில் எனக்குக் கைகூடாதது.

மறுநாள் மாணவர் வந்தார். முதுகலை வரை படித்தவர். வேலை கிடைக்கவில்லை. இப்போது விசைப்படகில் ஓட்டுநர். மடி இழுக்கும் படகு. தாத்தா 'மொட்டையாப் போச்சு' என்றது பேரனின் தொழிலைத்தான். நான் என்ன கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். அவராகவே சொன்னார்: "பாரு எங்க இருக்குன்னு எங்களுக்குத்தாம்மா நல்லாத் தெரியும். கல்லுல மாட்டுனா மடி கிழிஞ்சிரும். பெரிய கல்லுன்னா ஒதுங்கிப் போவோம். சின்னக் கல்லு, பூண்டு இதெல்லாம் மடியோட வந்துரும்." தாத்தாவின் பெயர்கள் நினைவிருக்கிறதா என்றேன். ஜி.பி.எஸ். கருவியில் எல்லாம் எண்ணாகப் பதிந்திருக்கிறது, பெயர் தேவைப்படுவதில்லை என்றார். தேர்வுத்தாளைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை; அல்லது நினைவில்லை என்று சொன்னார்.

இந்த இடத்தில் அவையோர் சிலருக்கு மனவருத்தம் தரக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கைதாகும் மீனவர்களைப் பற்றி நம் வட்டத்தில் பல கவிதைகள் வாசிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் துயரம் உண்மையானது. துப்பாக்கிச் சூட்டுக்கும் சிறைக்கும் எந்த நியாயமும் கற்பிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் கவிதைகளில் ஒன்றிலேனும் மடியின் கீழே இருக்கும் தரை இல்லை. 2009இல் போர் முடிந்தபின், நெடுநாள் கடலுக்குள் செல்ல விடப்படாதிருந்த இலங்கையின் வடபுலத்து மீனவர் மீண்டும் வலையோடு இறங்கினர். அவர்களும் தமிழர், அவர்களும் நெய்தல் மாந்தர். அவர்களுடைய செவுள் வலைகளை அறுத்துக்கொண்டு, அவர்களுடைய இறாலும் கடற்புல்லும் உள்ள தரையை வாரிக்கொண்டு நம் படகுகள் போகின்றன என்பது அவர்கள் முறையீடு. 2017இல் இலங்கை அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டு நம் பக்கத்தில், இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற மானியத் திட்டம் வந்தது; அது எண்ணிய இலக்கை எட்டவில்லை.

இழுவை மடியை நம் மீனவர் தாமாகக் கண்டுபிடித்ததும் அன்று. விடுதலைக்குப் பின், இறால் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வரும் என்று ஊக்குவித்துக் கடன் கொடுத்து வளர்க்கப்பட்டது அது. கடனில் வாங்கிய படகு கடனுக்காக ஓடுகிறது. மேலும், எல்லாத் தரைக்கும் ஒரே தீங்கு என்று சொல்வதும் பொருந்தாது. ஓராண்டு, இரண்டாண்டு ஆயுள்கொண்ட இறால் சேற்றில் விரைந்து பெருகும். அலையால் ஓயாமல் புரளும் மணலும் விரைவில் ஆறும். ஆறாதவை பாரும் பவளமும் புல்லும்தாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை மீன்குஞ்சுக்கு உதவும். பத்தாண்டில் வளரும் பஞ்சுயிரிக்கு அறுபத்தொரு நாள் எம்மூலைக்கு?

தரையை மீட்க முயன்றவர்களும் உளர். தெற்குக் கரையில் மரக்கிளைகளைக் கல்லோடு கட்டிக் கடலில் இறக்கி மீன் கூடச் செய்வது கட்டுமரக்காரர்களின் பழைய வழக்கம். அதனையொட்டி இன்று சிமெண்டுக் கட்டுமானங்களைச் செயற்கைப் பார்களாக இறக்குகிறார்கள். அவற்றில் மீன் சேர்கிறது. மடியும் அங்கே நுழைய முடிவதில்லை.

இலக்கியத்துக்குத் திரும்புகிறேன். பட்டினப்பாலை, முழுநிலா நாளில் கடல்மேற் செல்லாத பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைச் சொல்கிறது. எந்தச் சுறாவுக்குக் கொம்பு உண்டு? வேளா என்று மீனவர் அழைக்கும் வாட்சுறாவாகவே இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. இருபுறமும் பல் வைத்த அரிவாள் போன்ற நீண்ட மூக்குடையது. ஆழமற்ற சேற்றுத் தரையிலும் கழிமுகங்களிலும் வாழ்வது. அந்த மூக்கால் சேற்றைக் கிளறி இரை தேடுவது. அறிஞர்கள் அதனைச் சுறா இனத்தில் வைப்பதில்லை, திருக்கை இனத்தில் வைக்கின்றனர். ஆக, நம் இலக்கியம் நட்டு வைத்த அந்தத் தெய்வம் கடலின் மேற்பரப்புக்கு உரியது அன்று, அடித்தரைக்கு உரியது. கடலடியைப் பற்றி நம் புலவர் ஒன்றும் சொல்லவில்லை என்று இத்தனை நேரம் நான் வருந்தியது முழுதும் சரியன்று என்று இப்போது படுகிறது. உரை சொல்ல நமக்குத் தெரியாமற்போயிற்று.

பல்நிறைந்த அந்த மூக்கே அதற்குக் கூற்றாயிற்று. எந்த வலையானாலும் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் மீளாது. 2001இல் நம் நாட்டின் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதனைச் சேர்த்தார்கள். தாத்தாவிடம் வேளாவைப் பற்றிக் கேட்டேன். சிறுவயதில் பார்த்தது என்றார். மாணவர் பார்த்ததில்லை.

அந்த இருபத்து மூன்று பெயர்களையும், மணலில் வரைந்த படத்தைப் பார்த்து நான் எழுதிக்கொண்ட குறிப்பையும் படியெடுத்து, வட்டத்தின் நூலகத்தில் சேர்ப்பதற்காகக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு மூன்று பெயர்களில் ழகரமா ளகரமா என்று எனக்கே ஐயம் உண்டு. முதியவர் இப்போது இல்லை, கேட்டுத் தெளிய வழியில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து வந்துள்ள உறுப்பினர்கள் பார்த்துத் திருத்தித் தந்தால் கடப்பாடுடையேன். தத்தம் ஊர்ப் பார்களின் பெயர்களை அறிந்தவர்கள் அதே ஏட்டில் தொடர்ந்து எழுதலாம். பின்பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நேரம் கடந்துவிட்டதாகச் செயலாளர் குறிப்புக் காட்டுகிறார்.